கலவையும் பக்குவமும்: உலோகங்களைப் பற்றி ஒரு சொற்பொழிவு



உலோகங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று இம்மன்றத்தார் பணித்தபோது, இத்தனை பரந்த விஷயத்தில் எங்கே தொடங்குவது என்ற தயக்கம் எனக்கு ஏற்படவில்லை. ஏனெனில் இந்த அவையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களின் கழுத்திலும் காதிலும் கையிலும் உள்ள பொன்னே இன்றைய பேச்சுக்கு முதல் உதாரணமாக விளங்குகிறது. நகை செய்யும் ஆசாரியிடம் மாசு மருவற்ற சொக்கத் தங்கத்தைக் கொடுத்து, இதில் வேறெதையும் சேர்க்காமல் ஒரு சங்கிலி செய்து தாருங்கள் என்று கேட்டால், அனுபவசாலியான எந்த ஆசாரியும் அதற்கு எளிதில் இசையமாட்டார். அப்படிச் செய்த சங்கிலி, கண்ணிகள் நெளிந்து, கொக்கி விரிந்து, வெகு விரைவில் தேய்ந்துபோகும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவேதான் 24 பங்கில் 22 பங்கு தங்கமும் எஞ்சிய 2 பங்கு செம்பும் வெள்ளியுமாகச் சேர்த்து உருக்கி நகை செய்கிறார்கள். கடைகளில் 916 என்று முத்திரையிட்டுக் காட்டுவதும், ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்ற இதே கணக்கைத்தான்.

இதிலே ஆச்சரியம் என்னவென்றால், தங்கம் மிருதுவானது; வெள்ளியும் மிருதுவானது; செம்பும் கடினமான உலோகம் அன்று. மிருதுவான மூன்று பொருள்கள் ஒன்று சேர்ந்த இடத்தில் உறுதி எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய என் பேச்சின் நோக்கம். கலப்பு என்பது அதற்குப் பாதி விடைதான் என்பதையும், கலந்த பொருளை எவ்வாறு காய்ச்சினார்கள், எவ்வாறு ஆற்றினார்கள், எந்த நிலையில் தட்டினார்கள் என்ற பக்குவமே மற்றப் பாதி என்பதையும், அந்தப் பக்குவத்தை அறிந்த கைகள் நம் கண்ணெதிரே குறைந்துவருகின்றன என்பதையும் சொல்லிவிட்டால் என் கடமை முடிந்ததாகக் கருதுவேன்.

முதலில் உலோகங்களுக்குப் பொதுவான குணங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். புதிதாக வெட்டிய முகத்திலே பளபளப்பு, உஷ்ணத்தையும் மின்சாரத்தையும் எளிதில் கடத்துதல், அடித்தால் உடையாமல் தகடாக விரிதல், இழுத்தால் அறாமல் கம்பியாக நீளுதல் ஆகிய இவையெல்லாம் தனித்தனிக் குணங்கள் போலத் தோன்றினும், அவை அனைத்துக்கும் காரணம் ஒன்றே. உலோக அணுக்கள் தம் வெளிப்புற எலெக்ட்ரான்களை இறுகப் பிடித்துக்கொள்வதில்லை. அவை எந்த ஓர் அணுவுக்கும் உரிமையில்லாமல் கட்டி முழுவதும் பொதுவாக உலவுகின்றன. அவற்றின் ஓட்டமே மின்சாரம். உஷ்ணத்தைப் பெரும்பாலும் சுமந்து செல்வனவும் அவையே. மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்பிப் பளபளப்பைத் தருவனவும் அவையே. அணுக்களின் வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவினாலும் இந்தப் பொதுவான பிணைப்பு அறுந்துபோவதில்லை என்பதனால்தான், கல்லைத் தூளாக்கும் அடி செம்பைத் தகடாக்குகிறது.

இந்தப் பொதுக் குணங்களுக்குள்ளே வேற்றுமைகள் அளவிறந்தவை. பாதரசம் பூஜ்யத்துக்குக் கீழே 38 பாகையில்கூட உருகிய நிலையில் இருக்கிறது. டங்ஸ்டனோ 3,400 பாகையையும் தாண்டிய பிறகே உருகுகிறது. லித்தியம் நீரில் பாதி கனமே உள்ளது. தங்கம் நீரைப் போல 19 மடங்கு கனம். மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கு முதலிடமும் செம்புக்கு இரண்டாமிடமும் உண்டு. விலையை நினைத்து நாம் செம்பை எடுத்துக்கொள்கிறோம். அலுமினியம் செம்பைப் போல் அறுபது சதவிகிதமே கடத்துமாயினும், செம்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கே உள்ளதாகையால், ஊர்விட்டு ஊர் செல்லும் உயர்ந்த மின்கம்பிகளுக்கு அதுவே ஏற்றதாகிறது.

இங்கே ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். மின்சாரக் கம்பிக்குச் செம்பு எவ்வளவுக்கெவ்வளவு தூயதாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது. அந்நிய அணு ஒன்று இடையிலே புகுந்தால் எலெக்ட்ரான்களின் ஓட்டம் தடைப்படும். ஆகவே கம்பிச் செம்பை நூற்றுக்கு 99.9 பங்குக்கும் மேலாகச் சுத்திகரிக்கிறார்கள். அந்தத் தடையே வேண்டியிருக்கும் இடமும் உண்டு. நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் என்னும் கம்பி, மின்சாரத்தை மறித்துச் செந்தணலாகக் காய்ந்து, நம் வீட்டு மின்னடுப்பில் வேலை செய்கிறது.

இனி, உறுதியைப் பற்றிய கேள்விக்கு வருவோம். உலோகம் என்பது அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகங்களின் தொகுதி. ஒரு வரிசையை அடுத்த வரிசையின்மேல் முழுவதுமாக ஒரே சமயத்தில் தள்ளுவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று 1926-ஆம் ஆண்டில் ரஷ்ய விஞ்ஞானியாகிய ஃபிரெங்கல் கணக்கிட்டார். அக்கணக்குக்கும் அனுபவத்துக்கும் சிறிதும் பொருத்தமில்லை. தூய உலோகப் படிகங்கள் அக்கணக்கில் ஆயிரத்தில் ஒரு பங்கு பலத்துக்கே வளைந்துகொடுத்தன. இந்த முரண்பாட்டின் காரணத்தை 1934-ஆம் ஆண்டில், ஒருவரை அறியாமல் ஒருவராக, இங்கிலாந்தில் டெய்லரும், ஹங்கேரியரான பொலானி, ஒரோவான் ஆகிய இருவரும் கண்டு சொன்னார்கள். பெரிய ஜமக்காளம் ஒன்றை விரித்த பிறகு அதைச் சற்று நகர்த்த வேண்டியிருந்தால், முழுவதையும் பிடித்து இழுப்பது கடினம். ஓரத்திலே ஒரு மடிப்பை உண்டாக்கி அம்மடிப்பை மறு ஓரம் வரை தள்ளிக்கொண்டு போனால், ஜமக்காளம் எளிதாக நகர்ந்துவிடுகிறது. படிகத்திலும் அணு வரிசைகளில் இத்தகைய பிசகுகள் இயல்பாகவே உள்ளன; பலம் பிரயோகித்ததும் அந்தப் பிசகுகள் ஓடுகின்றன; அவை ஓட ஓட உலோகம் வளைகிறது. தூய உலோகத்தில் அவற்றின் ஓட்டத்தைத் தடுப்பார் இல்லை. ஆகவே அது மிருதுவாக இருக்கிறது.

தடுப்பதற்கு வழி என்ன? வேறோர் அளவுள்ள அணுக்களை இடையிடையே புகுத்துவது ஒரு வழி. வெள்ளியின் அணு தங்கத்தின் அணுவுக்கு ஏறக்குறைய ஒத்த அளவுள்ளது. ஆகவே தங்கத்தோடு வெள்ளியை மட்டும் சேர்த்தால் கடினம் அதிகம் ஏறுவதில்லை. செம்பின் அணுவோ தங்கத்தினுடையதைவிட ஒன்பதில் ஒரு பங்கு சிறியது. அது உட்கார்ந்த இடத்தில் அணுவரிசை கோணுகிறது. ஓடிவரும் பிசகு அங்கே தடுமாறி நிற்கிறது. ஆசாரி செம்பைச் சேர்ப்பதன் ரகசியம் இதுவே. அவருக்கு அணுவைப் பற்றித் தெரியாது. ஆனால் எவ்வளவு சேர்த்தால் எவ்வளவு உறுதி என்பதைப் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அவர் குடும்பம் அறிந்திருக்கிறது. தடுப்பதற்கு வேறு வழிகளும் உள்ளன. அவற்றைச் செம்பு, இரும்பு, அலுமினியம் என்ற மூன்றின் சரித்திரத்திலே காணலாம்.

செம்பு 1,083 பாகையில் உருகுவது. உருகிய தூய செம்பு வாயுக்களை உறிஞ்சிக்கொண்டு, ஆறும்போது அவற்றை வெளிவிட்டுக் குமிழிகளால் ஓட்டை விழுந்த வார்ப்பைத் தரும். அதனோடு நூற்றுக்குப் பத்துப் பங்கு வெள்ளீயம் சேர்ந்தால், உருகும் உஷ்ணம் குறைகிறது, வார்ப்பு செம்மையாக அமைகிறது, கடினமும் பன்மடங்கு பெருகுகிறது. மனித சரித்திரத்தில் ஒரு காலப்பகுதிக்கே பெயர் தந்த வெண்கலம் என்னும் கலவை இது. வெள்ளீயத்தை இருபது பங்குக்கு மேல் ஏற்றினால், தட்டினால் நெடுநேரம் ஒலிக்கும் மணி உலோகம் கிடைக்கிறது. ஆனால் கீழே போட்டால் வெண்கலம் விரிசல் காணும் என்பது நம் பாட்டிமார் அறிந்த செய்தி. முப்பத்துமூன்று பங்குக்கு அருகிலே கொண்டுபோனால், கண்ணாடி போல நொறுங்கக்கூடிய, ஆனால் மெருகேற்றினால் முகம் பார்க்கத்தக்க ஓர் அற்புதமான வெண்மை உலோகம் பிறக்கிறது. கேரளத்து ஆறன்முளையில் சில குடும்பத்தார் இன்றும் செய்துவரும் உலோகக் கண்ணாடி இதுதான்.

பக்குவத்தின் பெருமையை இக்கலவையே நமக்குக் காட்டுகிறது. இருபத்துமூன்று பங்கு அளவு வெள்ளீயம் கலந்த வெண்கலத்தை வார்த்து மெல்ல ஆறவிட்டால் அது எளிதில் உடையும். அதையே செந்நிறமாகக் காய்ச்சி, அந்தச் சூட்டிலேயே தட்டி மெல்லிய கிண்ணமாக்கி, உடனே நீரிலே தோய்த்துவிட்டால், உடையும் தன்மை நீங்கி உறுதி பெறுகிறது. எஃகைச் சூட்டோடு நீரில் தோய்த்தால் கடினமாகி உடையும் தன்மை கூடுகிறது. இந்த வெண்கலத்துக்கு அதற்கு நேர்மாறான சுபாவம். நீலகிரியின் பழைய ஈமக்குழிகளிலும் ஆதிச்சநல்லூரிலும் இம்முறையில் செய்யப்பட்ட மெல்லிய கிண்ணங்கள் கிடைத்திருக்கின்றன. ரசாயனப் பரீட்சையிலே அக்கிண்ணத்தில் செம்பு இவ்வளவு, வெள்ளீயம் இவ்வளவு என்று சொல்லிவிடலாம். எந்தச் சூட்டில் தட்டினார்கள், எந்த வினாடியில் தோய்த்தார்கள் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. உலோகத்தை மெருகிட்டு உருப்பெருக்கியின்கீழ் வைத்து, அதன் படிகங்களைப் படிக்கத் தெரிந்த பின்னரே அச்செய்தி வெளிப்பட்டது.

சுவாமிமலையில் ஸ்தபதிகள் செய்யும் வேலையைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துப் பிசைந்த பசையில் திருவுருவத்தை முழுமையாகச் செய்துகொண்டு, அதன்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசி, உலர்த்தி, அதன்மேல் மேலும் கனமான மண்ணை அப்பி, கம்பியால் கட்டி, பிறகு சூடேற்றினால், மெழுகு உருகி வழிந்துவிடுகிறது; அது விட்டுச்சென்ற இடத்திலே உருகிய செம்புக் கலவையை வார்க்கிறார்கள். எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்பதை அறிய முதலில் மெழுகுருவத்தை எடை போட்டுக்கொள்வார்கள். மெழுகு நீரைவிடச் சற்று லேசு, செம்பு நீரைப் போல் ஏறக்குறைய 9 மடங்கு கனம் என்ற அடர்த்திக் கணக்கு அந்தத் தராசிலே இருக்கிறது. கலவையில் சேரும் காரீயம் செம்பிலே கரைவதில்லை. சிறு துளிகளாகத் தனித்து நிற்கிறது. ஆயினும் உருகிய கலவை விரல் நுனி, அணிகலனின் கொடி போன்ற நுண்ணிய இடங்களிலெல்லாம் தங்குதடையின்றிப் பாய அது துணைசெய்கிறது. மண் உடைந்த பிறகே உருவம் வெளிப்படுமாகையால், ஒரு கூட்டிலிருந்து ஒரே ஒரு திருவுருவம்தான் கிடைக்கும்.

செம்போடு துத்தநாகம் சேர்ந்தது பித்தளை. இதன் சரித்திரத்தில் நம் நாட்டுக்கு மிகுந்த பெருமையுண்டு. அதை நம்மவர் போதிய அளவு அறியவில்லை என்பது என் குறை. துத்தநாகத்தை அதன் கனிமத்திலிருந்து கரியால் பிரிப்பதற்கு ஏறக்குறைய ஆயிரம் பாகைச் சூடு வேண்டும். ஆனால் அந்த உலோகம் 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். மற்ற உலோகங்கள் உலையின் அடியில் உருகித் தேங்கும்; இதுவோ பிறக்கும்போதே ஆவியாய்ப் பிறந்து, காற்றுப் பட்டதும் வெண்புகையாகிப் போய்விடும். ராஜஸ்தானத்தில் உதயப்பூரை அடுத்த ஜாவர் என்னும் ஊரிலே, கத்தரிக்காய் வடிவில் மண் குடுவைகள் செய்து, அவற்றில் கனிமத்தை அடைத்து, வாய் கீழ்நோக்கும்படி ஓர் உலையில் 36 குடுவைகளாகக் கவிழ்த்து வைத்து, மேலே நெருப்பிட்டு, கீழே குளிர்ந்த அறையில் ஆவியை வடித்து உலோகமாகச் சேகரித்தார்கள். ஐரோப்பாவில் பிரிஸ்டல் நகரத்துச் சாம்பியன் துத்தநாகத்தை வடிக்கும் முறைக்கு உரிமை பெற்றது 1738-இல். அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே ஜாவரில் இந்தத் தொழில் பெருமளவில் நடந்துவந்தது. வேலை முடிந்து கழித்த குடுவைகளைக் கொண்டு அவ்வூரார் வீட்டுச் சுவர் எழுப்பினார்கள் என்றால், அவற்றின் தொகையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பித்தளைப் பாத்திரத்தைப் பற்றிப் பேசும்போது ஈயம் பூசுகிறவரை மறக்கலாகாது. புளிப்புப் பட்டால் செம்பும் பித்தளையும் களிம்பு ஏறும். களிம்பு உடலுக்குக் கேடு. தெருவிலே குழி தோண்டி, துருத்தி வைத்துக் கரியை மூட்டி, பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத் தூளைத் தூவி, வெள்ளீயத் துண்டை ஒரு தேய்ப்புத் தேய்த்து, பஞ்சினாலோ பழந்துணியினாலோ அவர் சுழற்றித் துடைத்ததும், மங்கிய பாத்திரத்தின் உட்புறம் நொடிப்பொழுதில் வெள்ளி நிறம் பெறும். நவச்சாரம் சூட்டிலே பிரிந்து, அதிலிருந்து வெளிப்படும் அமிலவாயு செம்பின்மேல் படர்ந்திருக்கும் மாசுப் படலத்தைக் கரைத்து நீக்குகிறது. சுத்தமான செம்பு வெளிப்பட்ட அந்தக் கணத்தில், 232 பாகையிலேயே உருகிவிடும் வெள்ளீயம் அதைப் பற்றிக்கொள்கிறது. பூசிய ஈயம் மேலே ஒட்டிக்கொண்டு மட்டும் நிற்பதன்று. இரண்டும் சந்திக்கும் இடத்தில் செம்பும் வெள்ளீயமும் கூடிய ஒரு மெல்லிய கலவை உண்டாகிறது. நவச்சாரம் தூவாமல் தேய்த்தால் ஈயம் உருண்டு ஓடுமேயன்றி ஒட்டாது. ஒரு தொழிலாளியின் கைப்பிடித் தூளில் இத்தனை ரசாயனம் அடங்கியிருக்கிறது.

இரும்பின் கதை இதனினும் பெரியது. தூய இரும்பு அரிவாளுக்கு உதவாது, அது மழுங்கிவிடும். அதில் கரி சேர வேண்டும். ஆனால் எவ்வளவு சேர வேண்டும் என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது. நூற்றுக்குப் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் வளைந்து கொடுக்கும் தேனிரும்பு, ஏறக்குறைய 0.6 முதல் 0.8 வரை இருந்தால் வெட்டுக் கருவிகளுக்கேற்ற எஃகு. 2 பங்கைக் கடந்து 4 வரை போனால், உருக்கி வார்க்க எளிதாயினும் சம்மட்டி அடிக்கு உடைந்துபோகும் வார்ப்பிரும்பு. ஒரு பொருளின் சுபாவம் இவ்வளவு சிறிய கலப்பினால் இவ்வளவு தூரம் மாறுவதை வேறெங்கும் காண்பது அரிது.

திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர். அத்தகைய ஒரு பட்டறையிலே நின்று கவனியுங்கள். கழித்துப்போட்ட லாரியின் வில்பட்டையை வாங்கிவந்து, துண்டாக்கி, உலையில் காய்ச்சி, அடைகல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்து வளைத்து வடிவம் தந்த பிறகு, கொல்லர் வாய்ப்புறத்தை மட்டும் செந்நிறமாகக் காய்ச்சி நீரிலே தோய்க்கிறார். இதற்குத் தோய்ச்சல் என்று பெயர். தூய இரும்பு 910 பாகையைக் கடக்கும்போது அதன் அணுக்கள் தம் அடுக்கை மாற்றிக்கொள்கின்றன. அந்தப் புதிய அடுக்கில் நூற்றுக்கு 2 பங்கு வரை கரிக்கு இடமுண்டு. குளிர்ந்த நிலையின் பழைய அடுக்கிலோ ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இடமில்லை. மெல்ல ஆறினால் கரி விலகித் தனியே ஒதுங்கிவிடும். திடீரெனக் குளிர்ந்தால் ஒதுங்க அவகாசமின்றி அங்கேயே சிக்கிக்கொண்டு அணுவரிசை முழுவதையும் இறுக்கிவிடுகிறது, பிசகு ஓட வழியில்லை, எஃகு கடினமாகிறது. ஆனால் அந்நிலையில் அது கல்லில் பட்டாலே தெறித்துவிடும். ஆகையால் கொல்லர், தோய்த்த வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப்புறத்தில் எஞ்சிய சூடு வாய்ப்புறம் நோக்கி வருவதை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதலில் வைக்கோல் நிறம், பின் பழுப்பு, பின் ஊதா, பின் நீலம் என்று நிறங்கள் ஓடிவரும். 220 பாகைக்குச் சற்று மேலே வைக்கோல் நிறமும், 300 பாகை அளவில் நீல நிறமும் தோன்றுகின்றன. மேலே படியும் ஆக்சைடுப் படலத்தின் கனம் மாறுவதே நிறம் மாறுவதன் காரணம். வேண்டிய நிறம் வாயைத் தொட்டதும் மறுபடி நீரில் இட்டுவிடுகிறார். உஷ்ணமானி இல்லாத அந்தப் பட்டறையில், பத்துப் பாகை வித்தியாசத்தைக் கண்ணாலே அளக்கிறார்கள்!

நம் கொங்கு நாட்டிலும் சேலத்திலும் மைசூரிலும் பழங்காலத்தில் எஃகு செய்த முறை உலகப் பிரசித்தி பெற்றது. கொடுமணல் அகழ்வாராய்ச்சியில் இரும்பும் எஃகும் செய்த உலைகளின் அடையாளங்கள் கிடைத்திருக்கின்றன. உமி கலந்து பிசைந்த களிமண்ணால் சிறிய மூசை செய்து, அதில் தேனிரும்புத் துண்டுகளோடு உலர்ந்த ஆவாரங்குச்சிகளை இட்டு, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்து, பல மூசைகளைச் சேர்த்து உலையில் வைத்துத் துருத்தியால் மணிக்கணக்கில் ஊதினார்கள். ஆவாரங்குச்சி கரியாகி அக்கரி இரும்பிலே கரைந்தது. கரி சேரச்சேர இரும்பின் உருகும் உஷ்ணம் இறங்கியது. முடிவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கரியுள்ள சிறு எஃகுக் கட்டி மூசைக்குள் கிடைத்தது. மேனாட்டார் ஊட்ஸ் என்று அழைத்த இவ்வெஃகு மேற்காசிய நாடுகளுக்கு ஏற்றுமதியாகி, அலையலையான வரி விழுந்த வாள்களாயிற்று.

இந்த எஃகின் மர்மத்தை அறிய ஐரோப்பிய விஞ்ஞானிகள் பட்ட பாடு பெரிது. 1795-இல் பியர்சன் என்பவர் லண்டன் ராயல் சங்கத்தில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். கொல்லரின் மகனாகப் பிறந்து பின்னாளில் மின்சார விஞ்ஞானத்துக்கே அடிகோலிய மைக்கேல் பாரடே, கத்தி செய்யும் தொழிலில் வல்லவரான ஸ்டோடார்ட் என்பவரோடு சேர்ந்து, 1819 முதல் சில ஆண்டுகள் இந்த எஃகைப் பகுத்தும், அதைப் போன்றதைச் செய்ய முயன்றும், எஃகோடு வெள்ளி, பிளாட்டினம், நிக்கல் முதலியவற்றைக் கலந்து பார்த்தும் பரிசோதனை நடத்தினார். ஊட்ஸின் சிறப்புக்கு அதிலிருந்த அலுமினாவும் சிலிக்காவுமே காரணம் என்று அவர் முதலில் எண்ணினார், அது சரியன்று. அத்தனை பெரிய மேதையே வழிதவறக் காரணம், கட்டியில் என்ன இருக்கிறது என்ற கேள்வியை மட்டும் கேட்டதுதான். அது எவ்வாறு உருகி எவ்வளவு மெல்ல ஆறியது என்ற மற்றப் பாதியைச் சொல்ல அவர் அருகிலே நம் கொல்லர் ஒருவர் இல்லை. ஆயினும் அம்முயற்சி வீண்போகவில்லை. கலப்பு எஃகுகளைப் பற்றிய முறையான ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது. அவ்வழியில் வந்த ஹாட்பீல்டு, 1882-இல் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவு மாங்கனீஸ் சேர்ந்த எஃகு, அடிபட அடிபடக் கடினமாவதைக் கண்டார். ரயில் பாதைகள் குறுக்கிடும் இடங்களில் இன்றும் அதைத்தான் அமைக்கிறார்கள்.

மாங்கனீஸைப் பற்றி இன்னொரு செய்தியும் நம் ஊரோடு சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை உத்தியோகஸ்தராக இருந்த ஹீத் என்பவர், 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கி, சேலத்துக் கனிமத்தை மரக்கரியால் உருக்கினார். மரக்கரிக்குக் காடுகள் அழிந்தனவேயன்றி ஆலை செழிக்கவில்லை. இங்கிலாந்து திரும்பிய அவரே, 1839-இல் மூசை எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு உரிமை பெற்றார். இரும்பிலே கந்தகம் இருந்தால் சூட்டிலே அடிக்கும்போது பிளக்கும். மாங்கனீஸ் அக்கந்தகத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு தீங்கை நீக்குகிறது. ஷெபீல்டு நகரத் தொழிலதிபர்கள் அதனால் பெரும் பொருள் ஈட்ட, ஹீத்தோ வழக்காடியே ஓய்ந்து 1851-இல் இறந்தார்.

அலுமினியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1886-இல் அமெரிக்கரான ஹால் என்பவரும் பிரெஞ்சுக்காரரான எரூ என்பவரும் மின்சாரத்தால் அதைப் பிரிக்கும் முறையைத் தனித்தனியே கண்டறியும் வரை அது விலையுயர்ந்த அரும்பொருள். அதன் பிறகு பன்னிரண்டே ஆண்டுகளில், 1898-இல், சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தார் என்பது நம் நகரம் நினைவில் கொள்ளத்தக்கது. அந்த மிருதுவான உலோகம் விமானத்துக்கு ஏற்றதாக மாறியது 1906-இல் ஜெர்மானியரான வில்ம் என்பவரால். நூற்றுக்கு நாலு பங்கு செம்பும் சிறிது மக்னீசியமும் சேர்த்துக் காய்ச்சி, நீரில் தோய்த்து, கடினத்தை அளந்தார்; சில நாட்கள் கழித்து அளந்தபோது, யாரும் தொடாமலேயே அது கடினமாகியிருந்தது. அதன் காரணம் 1938-இல்தான் தெரிந்தது: கரைந்திருந்த செம்பணுக்கள் மெல்ல ஒன்றுகூடி, கண்ணுக்கெட்டாத நுண்ணிய திட்டுகளாக நின்று, பிசகுகளின் ஓட்டத்தை மறிக்கின்றன என்று பிரான்சில் கினியேவும் இங்கிலாந்தில் பிரெஸ்டனும் ஊடுகதிரால் கண்டார்கள்.

நம் சமையலறையை இன்று ஆட்கொண்டிருக்கும் எவர்சில்வரும் இரும்புக் கலவையே. 1913-இல் ஷெபீல்டில் பிரியர்லி, துப்பாக்கிக் குழாய்க்காகச் செய்த பரிசோதனையில், பன்னிரண்டு பங்குக்கு மேல் குரோமியம் சேர்ந்த எஃகு துருப்பிடிக்காததைக் கண்டார். நம் பாத்திரங்கள் பலவற்றில் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. குரோமியம் காற்றோடு கூடி மேலே ஒரு படலத்தை உண்டாக்குகிறது. கீறினாலும் அப்படலம் தானே மூடிக்கொள்ளும். ஆனால் அது உஷ்ணத்தைச் செம்பு கடத்துவதில் 25-இல் ஒரு பங்குதான் கடத்தும். பால் அடிப்பிடிப்பதும், பாத்திரத்தின் அடியில் செம்பு பொதிவதும் இதனால்தான். தில்லியில் நிற்கும் 1,600 ஆண்டுப் பழமையான இரும்புத் தூணில் குரோமியம் இல்லை. இன்றைய ஆலைகள் குற்றமென்று ஒதுக்கும் பாஸ்பரஸ் அதில் மிகுந்திருப்பதே காப்புப் படலம் படியத் துணையாயிற்று என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலசுப்பிரமணியம் விளக்கினார். ஓரிடத்துக் குற்றம் மற்றோரிடத்தில் குணமாவதைக் கலவைகளின் சாஸ்திரத்தில் அடிக்கடி காணலாம்.

அன்பர்களே, ஊட்ஸ் எஃகு செய்த முறையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, வழிப்போக்கராக வந்த வெள்ளையர்கள் நின்று பார்த்து எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து வந்தவை. செய்தவர்கள் எழுதவில்லை, எழுதத் தெரிந்த நம்மவர் உலைக்களத்தின் பக்கம் போகவில்லை. மலிவான சீமை எஃகு வந்து அந்த உலைகள் அணைந்ததும், எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் என்ற அறிவும் அவற்றோடு அணைந்துபோயிற்று. அதை மீட்க விஞ்ஞானிகள் மூசைகளின் உடைந்த ஓடுகளைப் பொறுக்கி ஆராய வேண்டியதாயிற்று. இந்த நஷ்டம் இன்னொரு முறை நேரக்கூடாது. உலோகவியல் பயிலும் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த விடுமுறையில் உங்கள் ஊர்க் கொல்லர் பட்டறைக்கும், பாத்திரம் வார்க்கும் கன்னார் தெருவுக்கும், ஈயம் பூசுகிற பெரியவரிடமும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு செல்லுங்கள். அவர்கள் எதை எவ்வளவு சேர்க்கிறார்கள், எந்த நிறம் வரும்வரை காய்ச்சுகிறார்கள், எதில் தோய்க்கிறார்கள் என்பதை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கழித்த துண்டொன்றைக் கேட்டு வாங்கிவந்து உங்கள் ஆய்வுக்கூடத்து உருப்பெருக்கியில் பாருங்கள். கண்டதை மறுபடி போய் அவர்களிடம் சொல்லுங்கள். கல்லூரி ஆசிரியர்கள் இவ்வேலையைப் பாடத்தில் ஒரு பகுதியாகவே ஏற்று மதிப்பெண் அளித்து நடத்திக்கொடுக்க வேண்டும் என்று இந்த அவையின் முன்னிலையில் வேண்டிக்கொள்கிறேன்.